ஆடும் ஊரில் இரவு தங்குதல்: பயண நாடகக் குழுவில் கற்றவை

திருகோணமலையைத் தளமாகக் கொண்டு ஊரூராகச் சென்று ஆடும் நாடகக் குழு ஒன்றில் நான் பல ஆண்டுகளாக மேடை முகாமையாளராக இருக்கிறேன். சிறு பாத்திரங்களில் நடிப்பதும் உண்டு. ஆனால் குழுவை ஓர் ஊருக்குக் கொண்டுசேர்த்து, அங்கே களத்தை ஒழுங்குபடுத்தி, ஆற்றுகை முடிந்ததும் ஆட்களையும் பொருட்களையும் குறைவின்றித் திரும்பக் கொண்டுவருவதே என் முதன்மையான பொறுப்பு. புதிதாகக் குழு தொடங்கும் இளைஞர்கள் என்னிடம் வாகனம், விளக்கு, செலவு ஆகியவற்றைப் பற்றியே கேட்கிறார்கள். அவற்றுக்கெல்லாம் முன்னதாக நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: ஆடப் போகும் ஊருக்கு முற்பகலிலேயே போய்ச் சேருங்கள், ஆடிய இரவு அந்த ஊரிலேயே தங்கி, மறுநாட் காலையில் புறப்படுங்கள். மற்ற ஒழுங்குகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

இதற்கான காரணம் எங்கள் கூத்து மரபிலேயே இருக்கிறது. மட்டக்களப்பிலும் எங்கள் மாவட்டத்துத் தமிழ்க் கிராமங்கள் பலவற்றிலும் கூத்து என்பது வெளியூரார் வந்து காட்டிவிட்டுப் போகும் காட்சியாக இருக்கவில்லை. கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் ஒவ்வொருவருக்கும் சட்டம் (பாத்திரத்துக்குரிய பாட்டுப் பகுதி) கொடுத்து, மாதக்கணக்கில் ஆட்டமும் பாட்டும் பழக்கி, சதங்கை அணிவித்து, இறுதியில் விடிய விடிய அரங்கேற்றம் செய்வார். களரியை, அதாவது கூத்தாடும் களத்தைச் சுற்றி இருந்தவர்களுக்கு ஆடுபவர் யாருடைய மகன் என்பதும் தெரியும், பாத்திரம் களத்துக்குள் வரும் வரவு ஆட்டத்தில் அவர் தாளம் தப்பினால் அதுவும் தெரியும். தென்னிந்தியாவிலிருந்து வந்த நாடகக் கொம்பனிகள்கூட ஒரு பட்டினத்தில் கொட்டகை போட்டால் நாட்கணக்கில் தங்கியே ஆடின. மாலை ஐந்து மணிக்கு வந்திறங்கி, ஒன்பது மணிக்கு ஆடி முடித்து, பத்து மணிக்கு லொறியேறும் குழுவை ஊர் மரியாதையுடன் பார்க்கும், கையும் தட்டும். ஆனால் அந்த நாடகம் தன்னுடையது என்று அது ஒருபோதும் உணராது. மாதக்கணக்கில் தங்குவது எங்களால் இயலாது; வேலைக்குப் போகும் ஆசிரியர்களும் கடற்றொழிலாளரும் ஓட்டோ ஓட்டுநர்களுமே எங்கள் கலைஞர்கள். ஒரு பகலையும் ஓர் இரவையுமாவது கொடுப்பது இயலக்கூடியது.

பயணத்தை எந்த மாதத்தில் வைப்பது என்பதை எங்கள் பக்கத்தில் வானமே தீர்மானிக்கிறது. ஐப்பசி தொடங்கித் தை வரையில் வடகீழ்ப் பருவமழை பெய்யும். திறந்த வெளியில் ஆடும் குழுவுக்கு அக்காலம் உதவாது. மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை முடியும்போது தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்து விவசாயக் கிராமங்களில் மக்களுக்கு ஓய்வும் கையில் சிறிது பணமும் இருக்கும். ஆகவே பயணத்தை அங்கே தொடங்குகிறோம். கரையோர ஊர்களின் கணக்கு வேறு. இரவில் கடலுக்குப் போகும் ஆண்கள் மாலை ஆற்றுகைக்கு இருக்க மாட்டார்கள். நிலவு வெளிச்சத்தில் மீன்படுதல் குறைவென்று பூரணையை ஒட்டிய நாட்களில் பலரும் தொழிலுக்குப் போகாமல் நிற்பார்கள்; பூரணை தினம் அரச விடுமுறையுமாகும். எனவே நிலாவெளி, குச்சவெளி, சாம்பல்தீவு போன்ற ஊர்களுக்கான நாட்களை நாட்காட்டியில் பூரணையைப் பார்த்தே குறிக்கிறோம். க.பொ.த. (கல்விப் பொதுத் தராதர) பரீட்சை நடைபெறும் வாரங்களில் எந்த ஊருக்கும் ஒலிபெருக்கியோடு போவதில்லை. இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால் ஆடக்கூடிய நாட்கள் நினைப்பதைவிடக் குறைவு. ஆனால் அந்த நாட்களில் களம் நிறைந்திருக்கும்.

வீதிகள் இன்று பழைய நிலையில் இல்லை. கிண்ணியாவுக்குப் போக ஒருகாலத்தில் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகில் ஏறிக் கடக்க வேண்டியிருந்தது. 396 மீற்றர் நீளமான பாலம் 2009இல் திறக்கப்பட்ட பின்னர் மூதூர்ப் பக்கம் போவது எளிதாயிற்று. அடுத்து வந்த ஆண்டுகளில் மட்டக்களப்பு நோக்கிய கரையோர வீதியின் மற்றத் துறைகளுக்கும் பாலங்கள் அமைந்ததால், வெருகல், வாகரை வழியாக ஒரே லொறியில் பொருட்களை இறக்காமல் கொண்டுபோக முடிகிறது. வீதி நன்றாகிவிட்டது என்பதற்காக இரவில் திரும்பலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஹபரணை, கந்தளாய்க் காட்டு வழியிலும் ஹொரவப்பொத்தானை வழியிலும் இருட்டிய பின் யானை வீதிக்கு வரும். இரண்டு மணி நேரம் ஆடிய உடலோடு வாகனத்தில் இருப்பவர்களும், பகல் முழுவதும் பொருள் ஏற்றி இறக்கிய சாரதியும் அந்த வீதிகளில் நள்ளிரவில் பயணிப்பதை எந்தக் காரணத்துக்காகவும் நான் ஏற்பதில்லை.

ஊருக்கு ஒரு மாதம் முன்னதாக ஒருவர் நேரில் போய்வர வேண்டும். தொலைபேசியில் எல்லா ஊரும் விசாலமான மைதானமும் நல்ல மின்சாரமும் உள்ள ஊராகவே இருக்கும். தங்குவதற்குப் பள்ளிக்கூடம் என்றால் அதிபரின் சம்மதத்தோடு வலயக் கல்விப் பணிமனையின் எழுத்துமூல அனுமதியும் வேண்டும். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் நிலையத்தில் அனுமதி பெற வேண்டும், இரவு 10 மணிக்குப் பிறகு அது பொதுவாகக் கிடைப்பதில்லை. கோயில் வீதியில் ஆடுவதானால் பரிபாலன சபையைக் காண வேண்டும். மூதூர், கிண்ணியா போன்ற முஸ்லிம் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர்களில் பள்ளிவாசல் நிருவாகத்தினரைச் சந்தித்து, இரவுத் தொழுகையான இஷா முடியும் நேரத்தைக் கேட்டு அதன் பின்னரே தொடங்குகிறோம். ஒத்திகையின் நடுவில் பாங்கு ஒலித்தால் மத்தளம் நிற்கும். இது நாங்கள் காட்டும் சலுகையன்று, விருந்தாளியின் கடமை. அவ்வாறு ஆடிய ஊர்களில் பெண்களும் சிறுவர்களும் குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் அமர்ந்ததைக் கண்டிருக்கிறேன்.

முற்பகலில் போய்ச் சேர்ந்ததும் லொறியிலிருந்து எதையும் இறக்க நான் விடுவதில்லை. முதலில் நெறியாளரும் அண்ணாவியாரும் நானும் களத்தைச் சுற்றி நடப்போம். இருபதடிக்கு இருபதடி சமதரை வேண்டும். மணல் ஆழமாக இருந்தால் கூத்து வகைகளில் ஒன்றான வடமோடியின் துள்ளலுக்குக் கால் எழும்பாது, கணுக்கால் பிரளும். அத்தகைய இடத்தில் மணலைச் சற்று வழித்துவிட்டுத் தண்ணீர் தெளித்து மிதித்து இறுக்குவோம். ஊர்ப் பிள்ளைகளே வாளியோடு வந்துவிடுவார்கள். முள், கண்ணாடித் துண்டு, சிப்பி ஓடு ஆகியவற்றைக் கையால் தடவிப் பொறுக்க வேண்டும், ஏனென்றால் எங்கள் ஆட்டம் வெறுங்காலில்தான்.

அடுத்தது காற்று. களத்தைத் தெரிவு செய்வதில் இதைவிட முக்கியமானதொன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை, புதிய குழுக்கள் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான். எங்கள் கரையில் பகலில் கடலிலிருந்து தரைக்கு வீசும் காற்று பொழுதுபட்ட பின் தணிந்து, இரவில் தரையிலிருந்து கடலை நோக்கித் திரும்பும். பிற்பகல் நான்கு மணிக்குக் குரலைச் சோதித்துவிட்டு, கடலைப் பின்னால் வைத்து மேடை போட்டால், இரவு எட்டு மணிக்குப் பாட்டு முழுவதும் நடிகரின் முதுகுப் பக்கம் போய்விடும். ஆகவே தரைப்பக்கம் முதுகைக் கொடுத்து, பார்வையாளரைக் கடற்பக்கமாக அமர்த்துகிறோம். வைகாசி முதல் ஆவணி வரை வீசும் கச்சான் காற்றும் மேற்குத் தரைப்பக்கத்திலிருந்தே வருவதால் திசை மாறுவதில்லை. ஆனால் அது வறண்ட வெப்பக் காற்று, தொண்டையைக் காய வைக்கும், ஒலிவாங்கியில் இரைச்சலை நிரப்பும். கச்சான் பலமாக இருக்கும் நாளில் பள்ளிக்கூடக் கட்டடத்தின் நீள்சுவரை மறைப்பாகக் கொண்டு ஆடுவதே நல்லது.

களத்தின் வடிவமும் அந்த நடையிலேயே முடிவாகிறது. மரபான வட்டக் களரியில் நாற்புறமும் மக்கள் இருப்பார்கள். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், விடியும்வரை ஆடப்பட்ட கூத்தைச் சுருக்கி, ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கேற்ப அமைத்தபோது, ஆட்டக்காரர் ஒரு முகமாகத் திரும்பி ஆடும் முறை வலுப்பெற்றது. பயணக் குழு இரண்டையும் கையில் வைத்திருக்க வேண்டும். நகர மண்டபத்தில் ஒரு முகத்துக்கு ஆடும் அதே நாடகத்தை மறுநாள் ஆலமரத்தடியில் நான்கு முகத்துக்கு ஆட வேண்டியிருக்கும். இதற்காக எங்கள் ஒத்திகைகளில் ஒவ்வொரு காட்சியையும் இரண்டு விதமாகப் பழகுகிறோம். எந்த ஊரில் எது என்பதைக் களத்தில் நின்று நெறியாளர் சொல்வார். காட்சிப் பொருட்களை மிகக் குறைவாக வைத்திருப்பதும் இதனாலேயே. இரண்டு வாங்கு, மூன்று துணி, சில கம்புகள். எஞ்சியதை நடிகரின் உடல் காட்ட வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1000 வாற்று ஹலோஜன் விளக்கு ஒன்று 230 வோல்ற்றில் 4 அம்பியருக்கு மேல் எடுக்கும். 13 அம்பியர் செருகி ஒன்றில் அத்தகைய மூன்றைக் கொடுத்தால் எல்லை எட்டிவிடும். பழைய பள்ளிக்கூடங்களில் 5, 15 அம்பியர் உருண்டை முள் செருகிகளும், புதிய கட்டடங்களில் 13 அம்பியர் சதுர முள் செருகிகளும் இருப்பதால் இரண்டுக்கும் பொருந்தும் இணைப்பிகள் பெட்டியில் இருக்க வேண்டும். எல்.ஈ.டி. விளக்குகளுக்கு மாறிய பின் எங்கள் தேவை மிகவும் குறைந்துவிட்டது. சிறிய ஜெனரேற்றர் ஒன்றே போதும். அதைக் கட்டடத்தின் மறுபுறத்தில், காற்றின் கீழ்த்திசையில் வைத்தால் இரைச்சலும் புகையும் களத்துக்கு வராது. 2022இல் எரிபொருள் பங்கீடு நடைமுறையில் இருந்த காலத்தில் ஜெனரேற்றரை முற்றாக விட்டுவிட்டு, பிற்பகல் வெளிச்சத்தில் தொடங்கிப் பொழுதுபடுவதற்குள் முடியும் நாடகம் ஒன்றை எடுத்துச் சென்றோம். அது இன்றும் எங்கள் கைவசம் இருக்கும் பயனுள்ள ஆற்றுகை.

நண்பகலுக்குப் பிறகு எல்லோரும் கட்டாயமாக உறங்க வேண்டும் என்பது குழுவின் விதி. வளையம் வைத்த கரப்புடுப்பும் கிரீடமான முடியும் அணிந்து ஆடுபவர் இழக்கும் வியர்வையைப் பார்த்தவர்களுக்கு இதன் தேவை புரியும். டெங்குவைப் பரப்பும் நுளம்பு பகலில் கடிப்பது. எனவே நுளம்பு வலையை இரவுக்கு மட்டும் என்று எண்ணாமல் பகல் உறக்கத்துக்கும் கட்டுகிறோம். கரையோரக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பாக இருக்கும். குளிக்கலாம், குடிக்கும் தண்ணீரை நாங்களே கொண்டுபோகிறோம். ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக இடியப்பமும் சொதியும் போன்ற இலகுவான உணவு, இடைவேளையில் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த நீரிழப்புத் தூள்) கரைத்த தண்ணீர், ஆடி முடிந்த பின்னரே வயிறு நிறையச் சாப்பாடு. பாடுபவர்களுக்கு மல்லியும் இஞ்சியும் அவித்த தண்ணீர் எப்போதும் சுடுதண்ணீர்ப் போத்தலில் இருக்கும், குளிர்பானம் தொடுவதில்லை. கடையிலிருந்து பார்சல் எடுப்பதைவிட, மாதர் சங்கத்தினரிடம் செலவுப் பணத்தை முற்கூட்டியே கொடுத்துச் சமைக்கச் சொல்வது சிறந்தது. உணவு சூடாக இருக்கும், பணம் ஊரிலேயே தங்கும், சமைத்தவர்கள் அன்றிரவு நாடகத்துக்கும் வருவார்கள். கோயிலில் கொடியேறியிருக்கும் ஊரில் குழு முழுவதும் மச்சம் (மீன், இறைச்சி) தவிர்க்கும். இதை யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் இருக்கக் கூடாது.

மத்தளத்துக்கும் இதே அக்கறை வேண்டும். கடற்கரை ஈரத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். இரண்டு மத்தளங்களைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய், ஒன்றை ஆட்டத்துக்கு முன் அனலுக்கு எட்ட வைத்து மெதுவாகச் சூடேற்றி, மற்றதை மாற்றாக வைத்திருப்பது எங்கள் அண்ணாவியாரின் வழக்கம்.

பெண் கலைஞர்கள் இரவு தங்குவதற்கான ஒழுங்கைச் சரிவரச் செய்யாத குழு பயணம் போகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கூத்தில் ஆண்களே பெண் வேடம் தாங்கிய காலம் நீண்டது; இன்று எங்கள் குழுவில் பெண்கள் வேடம் மட்டுமன்றி மத்தளமும் ஏற்கிறார்கள். அவர்களுடைய தாய் தந்தையர் பயணத்துக்குச் சம்மதிப்பது நாடகத்தின் மேல் உள்ள மதிப்பினால் மட்டுமல்ல. பிள்ளை எங்கே படுக்கும், கிணறும் மலசலகூடமும் எவ்வளவு தூரம், இரவில் அங்கே வெளிச்சம் உண்டா, கதவுக்கு உட்பூட்டு உண்டா என்ற கேள்விகளுக்கு எங்களிடம் விடை இருப்பதனாலும்தான். முன்பயணத்தின்போது இவற்றைப் பார்ப்பதற்கு மூத்த அக்கா ஒருவரே போவார், நான் போவதில்லை. பள்ளிக்கூடம் பொருந்தாவிட்டால் ஊரில் இரண்டு குடும்பங்களின் வீடுகளைக் கேட்டு வைப்போம். அந்த வீடுகளோடு உருவான உறவுகள் இன்றும் கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் போய்வரும் அளவுக்கு நீடிக்கின்றன.

இனி நாடகத்தின் உள்ளடக்கத்தைத் தொடும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் ஆடும் ஊர்கள் பல, போரையும் 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையையும் கண்டவை. 2006இல் இடம்பெயர்ந்து பல ஆண்டுகள் முகாம்களில் வாழ்ந்து திரும்பிய சம்பூர் மக்கள் முன்னால் போரைப் பற்றிய காட்சியை ஆடும்போது, ஒலிபெருக்கியில் வெடியோசை போடுவதற்கு எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. எங்கள் நெறியாளர் தொடக்கத்திலேயே பதிவு செய்யப்பட்ட வெடியோசை எதையும் பயன்படுத்துவதில்லை என்று முடிவு செய்தார். அந்த இடத்தில் மத்தளம் நிற்க, நடிகர்கள் மூச்சடக்கி நிலத்தோடு படிவார்கள். விளக்குகளைத் திடீரென முழுவதும் அணைப்பதும் இல்லை. தொடங்குமுன் கட்டியகாரன் வந்து கதையில் சாவும் இழப்பும் வரும் என்பதைச் சொல்லிவிடுவார். எழுந்துபோக விரும்புபவர் தடையின்றிப் போவதற்குக் களரியின் இரண்டு பக்கங்களில் வழி விட்டிருப்போம். முற்பகலிலேயே ஊருக்குள் இருப்பதன் பெரும் பயன் இங்கேதான் தெரிகிறது. அண்மையில் எந்த வீட்டில் சாவு நடந்தது, எந்தத் தாய் காணாமல் போன மகனைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்பதைத் தேநீர்க் கடையிலும் கிணற்றடியிலும் கேட்டறிந்து, ஒரு பாடலையோ ஒரு வசனத்தையோ அன்றைய ஆற்றுகைக்கு விட்டுவிட்ட நாட்கள் உண்டு.

ஆடி முடிந்த இரவில் குழுவுக்குள் குறைநிறை பேசுவதில்லை. களைத்த உடலுக்குச் சிறு சொல்லும் பெரிதாகப் படும். பயணக் குழுக்கள் உடைவது பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் என்பது நான் பல குழுக்களைப் பார்த்து வந்த முடிவு. முகத்து மெழுகைத் தேங்காய் எண்ணெயால் துடைத்து, வியர்த்த உடுப்புகளை மடிக்காமல் கொடியில் விரித்து, சாப்பிட்டுவிட்டுப் படுக்க வேண்டும். பேச வேண்டியவை காலையில். அப்போதுதான் ஊரும் பேசத் தொடங்கும். ஆற்றுகை முடிந்தவுடன் நடத்தும் கலந்துரையாடலில் ஒலிவாங்கியைப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்களும் சங்கத் தலைவர்களும், அவர்கள் பாராட்டுவார்கள். மறுநாட் காலை பிட்டுக் கொண்டுவரும் அம்மா, இரண்டாவது காட்சியில் அந்த மருமகள் அவ்வாறு பேசியிருக்க மாட்டாள் என்று சொல்வார், ஏன் என்பதையும் சொல்வார். முதிய கூத்தர் ஒருவர் வந்து தருவை, அதாவது கூத்துப் பாட்டை, மாற்றிப் பாடிக் காட்டுவார். எங்கள் நாடகங்களில் நிலைத்து நின்ற திருத்தங்களில் பெரும்பகுதி இத்தகைய காலைகளில் கிடைத்தவை.

பணத்தைப் பொறுத்தவரை, உண்டியலில் சேர்ந்ததையும் ஊரார் தந்த அன்பளிப்பையும் அங்கேயே ஊர்ப் பிரதிநிதி ஒருவர் முன்னிலையில் எண்ணி, கணக்குக் கொப்பியில் எழுதி, குழுவிலுள்ள எவரும் எப்போதும் பார்க்கக்கூடியதாக வைத்திருக்கிறோம். முதலில் எரிபொருளும் உணவும், அடுத்து அன்றைய கூலியை இழந்து வந்தவர்களுக்கான நாட்படி, எஞ்சியது உடுப்பு நிதிக்கு. நெறியாளருக்கும் தேநீர் ஊற்றும் தம்பிக்கும் நாட்படி ஒன்றே.

புறப்படுமுன் களத்தைக் கூட்டி, பள்ளிக்கூட மேசை வாங்குகளை இருந்த வரிசையில் வைத்து, சாவியை அதிபரின் கையிலேயே கொடுக்க வேண்டும். றங்குப்பெட்டிகளை லொறியில் ஏற்றும்போது அடுத்த ஊரில் முதலில் வேண்டியவை கதவோரம் வரும்படி, அதாவது நுளம்பு வலை, பாய், தண்ணீர்ப் பீப்பாய், மின்கம்பிகள் கடைசியாக ஏறும்படி, பட்டியலைக் கையில் வைத்துச் சரிபார்க்கிறேன். மழை தொடங்கியதும் பயணம் நிற்கும். மத்தளங்களுக்குத் தோல் மாற்றுவதும், கரப்புடுப்புகளின் வளையங்களைத் திருத்துவதும், புதிய நாடக எழுத்துப் பிரதியைப் பழகுவதும் அந்த மாதங்களின் வேலைகள். அடுத்த பருவத்துக்கான ஊர்களுக்கு மார்கழி முடிவதற்குள் கடிதம் எழுதிவிடுவோம். ஆடிய ஊர்களில் ஒன்றிலிருந்தாவது தாங்கள் பழகி வைத்திருக்கும் கூத்தைப் பார்க்க வருமாறு எங்களுக்கும் அழைப்பு வரும்; அந்த ஊருக்கும் முற்பகலிலேயே போய்ச் சேருவோம்.